முதிர மறந்த உயிரணு

பல செல்கள் கூடி ஓருடலாக வாழ்வது, உயிரியலின் கண்கொண்டு பார்த்தால், ஒரு பெருந்துறவு. தனித்து வாழும் பாக்டீரியாவுக்கு உணவு தீரும்வரை பிளந்து பெருகுவதே வாழ்க்கை. மனித உடலிலுள்ள சுமார் 30 லட்சம் கோடி செல்களோ தாம் நிற்கும் இடம், தம்மை அடுத்திருக்கும் செல்கள், உடலுக்கு அப்போதுள்ள தேவை ஆகியவற்றுக்குக் கட்டுப்பட்டே பெருகுகின்றன, அல்லது பெருகாமல் அமைகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பான்மையான சிவப்பணுக்கள், ஆக்சிஜனைச் சுமக்கும் ஒரே பணிக்காகத் தம் உட்கருவையே வெளியேற்றிவிட்டு, வாரிசு என்பதே இல்லாமல் 120 நாள் அளவுக்கு உழைத்து மடிகின்றன. ஒரே கருமுட்டையில் தொடங்கி, ஒரே மரபணுத் தொகுப்பை வைத்துக்கொண்டு, ஒன்று தோலாகவும் ஒன்று ஈரலாகவும் ஒன்று விழித்திரையாகவும் ஆகும் நிகழ்வை உயிரியலார் வேறுபாடடைதல் என்பர். ஒரு செல் தன்னால் ஆகக்கூடியவற்றுள் ஏறக்குறைய எல்லாவற்றையும் கைவிட்டு ஒன்றே ஒன்றாக ஆகி அமைவதுதான் அதன் உட்பொருள்.

இந்தத் துறவு குலைந்த நிலைக்குப் புற்றுநோய் என்று பெயர். அது குலையும் விதத்தை உற்றுப் பார்க்கும்போது, சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஒரு கேள்வி செல்லின் அளவில் மறுபடி எழுகிறது: தீமை என்பது வெளியிலிருந்து புகுந்த பகையா, அல்லது நன்றாகவே தொடங்கிய ஒன்று முதிரும் முன்னே தடைப்பட்டு நின்றுவிட்ட நிலையா? பகைதான் என்றால் அழிப்பதைத் தவிர வழியில்லை. தடைப்பட்ட நிலை என்றால், தடையை நீக்கி முதிர்விக்கும் வழியொன்று இருந்தாக வேண்டும். இக்கேள்விக்கு வெறும் உவமையாக அல்லாமல் மருந்தாகவே விடை கிடைத்த இடம் ஒன்று உண்டு; அங்கே போய்ச் சேர, செல்லின் ஒழுக்கம் எப்படி அமைகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிளக்கலாமா என்று ஒரு செல் தன்போக்கில் முடிவெடுப்பதில்லை. அண்டைச் செல்களிடமிருந்தோ ரத்தத்திலிருந்தோ வரும் வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்கள் அதன் மேற்புறத்திலுள்ள ஏற்பிகளில் வந்து பொருந்த வேண்டும். பொருந்தியதும் அச்செய்தி உள்ளே ஒரு புரதத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி உட்கருவை எட்ட வேண்டும். அதன் பிறகும், டி.என்.ஏ.வைப் படியெடுக்கத் தொடங்கும் முன்பும், பிளவுக்குள் நுழையும் முன்பும், குரோமோசோம்களை இருபுறமும் பிரித்திழுக்கும் முன்பும் செல் நின்று சரிபார்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. இந்தச் சுழற்சி நடைபெறும் முறையைக் கண்டறிந்ததற்காக லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ், டிம் ஹன்ட் மூவரும் 2001இல் நோபல் பரிசு பெற்றனர். நர்ஸின் ஆய்வகம் 1987இல் செய்துகாட்டிய ஒன்று தனியே நினைக்கத் தக்கது: சுழற்சியை நடத்தும் மரபணு பழுதுபட்டுப்போன ஈஸ்ட் செல்லுக்குள் அதற்கு இணையான மனித மரபணுவைச் செலுத்தியபோது, அந்த ஈஸ்ட் மீண்டும் ஒழுங்காகப் பிளக்கத் தொடங்கிற்று. மனிதரும் ஈஸ்டும் கிளை பிரிந்து ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகள் ஆகியும் இந்த ஒழுங்கின் அடிப்படை மாறவில்லை.

இதனினும் ஆழமான செய்தி ஒன்றை 1992இல் லண்டனில் பணியாற்றிய உயிரியலார் மார்ட்டின் ராஃப் முன்வைத்தார். விலங்குடலின் செல்லுக்குப் பெருகுவதற்கு மட்டுமல்ல, உயிரோடு இருப்பதற்கே பிற செல்களின் சொல் வேண்டும். 'நீ இரு' என்னும் அந்தச் சொல் நின்றுபோனால், எந்தப் பகையும் தாக்காமலே அது தன்னைத்தானே கலைத்துக்கொள்கிறது. அப்போப்டோசிஸ் என்று 1972இல் பெயரிடப்பட்ட இந்த இறப்பில் செல் வெடித்துச் சிதறுவதில்லை, தன் டி.என்.ஏ.வைத் துண்டாடி, தன் உடலைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, அண்டைச் செல்கள் எடுத்து விழுங்கும்படி வைத்துவிட்டு மறைகிறது. கருவிலுள்ள குழந்தையின் கை முதலில் துடுப்பைப் போலவே இருக்கிறது. விரல்களுக்கு நடுவே நிற்கும் செல்கள் இவ்வாறு மடிந்து விலகுவதால்தான் ஐந்து விரல்களும் தனித்துத் தோன்றுகின்றன. வாத்தின் காலில் அந்த மரணம் பெரும்பாலும் நிகழாததால் சவ்வு அப்படியே நின்றுவிடுகிறது. மனிதக் கை ஒரு பேனாவைப் பிடிக்கிறது என்றால், பிறக்கும் முன்பே மடிந்த செல்கள் விட்டுப்போன இடைவெளியால்தான் பிடிக்கிறது. பிறருடைய இசைவால் வாழ்ந்து, தேவை தீர்ந்ததும் பிறருக்கு இடம்விட்டுப் போவது என்பதை அறநூல்கள் மனிதரிடம் எதிர்பார்க்கின்றன. செல்லிடம் அது இயல்பாகவே இருக்கிறது.

இத்தனை காவலையும் மீறி ஒரு செல் எப்படித் தடம் மாறுகிறது? வெளிப்பகை என்ற விடைதான் முதலில் வலுவாக இருந்தது. 1911இல் நியூயார்க்கில் பேட்டன் ரௌஸ், கோழியின் கட்டியொன்றை அரைத்து, செல்கள் யாவும் நின்றுவிடும்படி வடிகட்டி, எஞ்சிய நீரை வேறொரு கோழிக்குச் செலுத்தியபோது அதற்கும் கட்டி வந்தது. நோயைக் கொண்டுசென்றது ஒரு வைரஸ். அந்த வைரஸிடம் 'சார்க்' என்னும் மரபணு இருப்பதும், செல்லைப் புற்றாக்குவது அதுவே என்பதும் பிற்காலத்தில் தெரியவந்தன. இப்பகையின் பிறப்பிடத்தைத் தேடிச் சென்ற மைக்கேல் பிஷப், ஹெரால்டு வார்மஸ் குழுவினர் 1976இல் வெளியிட்ட முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது: நோயே இல்லாத கோழியின் ஒவ்வொரு செல்லிலும் அந்த மரபணு இருந்தது. வைரஸ் அதை எப்போதோ ஒரு கோழியிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. திருடன் கையில் இருந்தது வீட்டுக்காரனின் பொருளேதான். அது நல்ல கோழியின் உடலில் வளர்ச்சிச் செய்தியைக் கடத்தும் பணியைச் செய்துகொண்டிருந்தது, மனிதரிடமும் அப்படியே. அதை உடலிலிருந்து களைந்துவிட முடியாது, ஏனெனில் வளர்வதற்கு வேண்டியதும் அதுவே. கட்டுக்குள் இருக்கும்வரை வளர்ச்சி, கட்டு தளர்ந்தால் புற்று.

இந்நோய்க்குக் கிரேக்கர் நண்டின் பெயரைச் சூட்டினர். வெளியிலிருந்து வந்து கவ்விப் பிடிக்கும் பிராணி அது. தமிழில் வழங்கும் பெயர் புற்று. கரையான் புற்று வேறெங்கிருந்தும் வருவதில்லை. வீட்டுக் கொல்லையின் சொந்த மண்ணே துகள் துகளாக மேலேறி, யாரும் திட்டமிடாத வடிவில் எழுந்து நிற்கிறது. பெயரிட்டவர் செல்லைக் கண்டவர் அல்லர். ஆயினும் 1976இன் முடிவுக்கு நண்டைவிடப் புற்றே அருகில் நிற்கிறது.

பகை சொந்த மண்ணிலிருந்து எழுவது என்றானபின், அழிப்பதா முதிர்விப்பதா என்ற கேள்வி கூர்மையாகிறது. அதற்கு விடை வந்த இடம் எலும்பு மஜ்ஜை. கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களான நியூட்ரோபில்கள் நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி அங்கே உருவாகின்றன. மூலச்செல்லில் தொடங்கிப் பல படிகள் கடந்து அவை முதிர வேண்டும். நடுப்படியில் நிற்பது புரோமைலோசைட். நுண்ணோக்கியில் அது பெரிய உருண்டையான செல். உள்ளே ஊதாநிறத் துகள்கள் நிறைந்திருக்கும். அதற்கு மேற்பட்ட படிகளில் செல் சிறுத்து, பிளக்கும் ஆற்றலை விட்டுவிட்டு, உட்கரு மூன்று முதல் ஐந்து மடல்களாக மெல்லிய இழையில் கோத்ததுபோல் ஆகும். அந்த நிலையில்தான் அது ரத்தத்துக்குள் இறங்கும்.

தீவிரப் புரோமைலோசைட் லுக்கேமியா என்னும் ரத்தப் புற்றுநோயில் செல் அந்த நடுப்படியிலேயே நின்றுவிடுகிறது. முன்னே முதிராமலும் பின்னே மடியாமலும், இளமையிலேயே உறைந்து, பெருகிக்கொண்டே போகிறது. மஜ்ஜை முழுவதும் ஊதாத் துகள் நிறைந்த செல்கள். சிலவற்றில் அத்துகள்கள் ஒட்டிச் செந்நிற ஊசிகளாகி விறகுக்கட்டைப் போல் குவிந்து கிடக்கும். 1957இல் நார்வே மருத்துவர் லெய்ஃப் ஹில்லஸ்டாட் இந்நோயைத் தனியாக அடையாளம் காட்டியபோது, அவர் கண்ட நோயாளிகள் சில வாரங்களிலேயே ரத்தப்போக்கால் மாண்டனர். 1977இல் ஜேனட் ரௌலியின் குழுவினர் இதில் 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டனர்.

புற்றுக்கான மருந்துகள் அக்காலத்தில் அழிக்கும் மருந்துகளாகவே இருந்தன. அவற்றுள் முதலானது போர்க்களத்து நச்சுவாயுவான மஸ்டர்ட் வாயுவின் வழிவந்தது. 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அது நோயாளிக்குத் தரப்பட்டது. பெருகும் செல் எதுவானாலும் கொல்லும் அம்மருந்துகள் பல உயிர்களைக் காத்திருக்கின்றன, இன்றும் காக்கின்றன. ஆனால் லுக்கேமியா செல்லைச் சில பொருள்களால் முதிரச் செய்யலாம் என்று இஸ்ரேலில் லியோ சாக்ஸ் எலிச் செல்களில் காட்டியிருந்தார். 1980இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்று வைட்டமின் ஏ வழிப்பொருளான ரெட்டினாயிக் அமிலத்தால் மனித லுக்கேமியா செல்கள் சோதனைத் தட்டில் முதிர்வதைக் கண்டது. ஷாங்காயில் வாங் ஜென்யி இவ்வழியைப் பிடித்துக்கொண்டார். 1985இல், வேறு மருந்துகள் கைவிட்டுவிட்ட நிலையில் இருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வடிவம் வாய்வழியே தரப்பட்டது; அவள் பிழைத்தாள். 1988இல் அவர் குழுவினர் 24 நோயாளிகளைப் பற்றி எழுதினர்: அனைவரிடமும் நோய் தணிந்திருந்தது, மஜ்ஜை வறண்டுபோகவும் இல்லை. அழிக்கும் மருந்தாயின் மஜ்ஜை முதலில் வெறுமையாகிப் பிறகே மீளும். இங்கே வெறுமை என்ற கட்டமே வரவில்லை.

அப்படியானால் நோய்ச் செல்கள் எங்கே போயின? அவை எங்கும் போகவில்லை, முதிர்ந்துவிட்டன. சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் எடுத்த ரத்தத் துளியில், மடல் மடலாக உட்கரு பிரிந்த, பார்வைக்கு ஒழுங்கான நியூட்ரோபில்கள் காணப்பட்டன. அவற்றுள் சிலவற்றின் வயிற்றில் அந்தச் செந்நிற ஊசி அப்படியே கிடந்தது. குரோமோசோம் மாறிய தழும்பும் அவற்றில் இருந்தது. நல்ல செல்கள் வந்து கெட்டவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டதாக மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. கெட்டதே வளர்ந்து முதிர்ந்திருந்தது.

இதன் காரணம் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் விளங்கிற்று. குரோமோசோம்கள் மாறி ஒட்டியதில், ரெட்டினாயிக் அமிலத்தை ஏற்கும் ஏற்பியின் மரபணு 'பி.எம்.எல்.' என்னும் வேறொரு மரபணுவோடு இணைந்துவிட்டது. இயல்பான ஏற்பி, அமிலம் வரும்வரை முதிர்ச்சிக்கான மரபணுக்களைப் பூட்டி வைத்திருந்து, வந்ததும் திறந்துவிடும். இணைந்து பிறந்த புரதமோ உடலில் வழக்கமாக உள்ள அளவு அமிலத்துக்கு அசைவதில்லை. பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. அதே அமிலம் பல மடங்கு மிகுதியாக வந்தபோதுதான் அது இணங்கித் திறக்கிறது. புதிய கட்டளை எதுவும் தேவைப்படவில்லை. உடல் எப்போதும் சொல்லிவந்த அதே சொல், செவிக்கு எட்டும் அளவுக்கு உரக்கச் சொல்லப்பட்டது.

வாங் ஜென்யியும் அவருடைய மாணவர் சென் ஜூவும் தம் மருத்துவத்தை விளக்கும்போது கன்பூசியஸை நினைவுகூர்ந்தனர். தண்டனையால் அடக்குவதைவிட நல்லொழுக்கத்தால் வழிநடத்துவதே மேல் என்பது அந்த ஞானியின் நிலை. தமிழ் வாசகருக்கு வேறொரு காட்சி தானாகவே கண்முன் வரும். கந்தபுராணத்தில் கடல்நடுவே மாமரமாகி நின்ற சூரபத்மனை வேல் இரண்டாகப் பிளக்கிறது. பிளவுகள் மயிலும் சேவலுமாகிச் சீறி வருகின்றன. முருகனின் அருட்பார்வை பட்டதும் ஒன்று வாகனமாகவும் மற்றது கொடியாகவும் அமைகின்றன. சூரன் கெட்டழியவில்லை, பணிக்கு வந்தான். அதேவேளை, வேல் பாயாமலும் அது நடக்கவில்லை.

தத்துவ நிலையில் இதற்கு மூன்று நிலைப்பாடுகளைச் சொல்லலாம். மானி சமயம் தீமையை ஒளிக்கு எதிராக நிற்கும் தனி ஆற்றலாகக் கொண்டது. இளமையில் அதைச் சார்ந்திருந்து பின்னர் விலகிய அகஸ்டின், தீமை தனிப்பொருளே அன்று, நன்மையின் குறைவே என்றார். சைவ சித்தாந்தம் இரண்டிலும் அடங்காது. ஆணவ மலம் வெறும் இன்மையன்று, உள்பொருள். செம்பில் களிம்புபோல் உயிரோடு என்றும் உடனிருப்பது. ஆனால் அதை வெட்டி எறிவது வழியன்று. அது பக்குவப்பட வேண்டும். அதற்கு மலபரிபாகம் என்று பெயர். பரிபாகம் என்பது பழம் பழுப்பதற்கும் சோறு வேவதற்கும் வழங்கும் சொல்லின் வழிவந்தது. இணைந்து பிறந்த அந்தப் புரதமும் இன்மையன்று, கையால் பிரித்தெடுத்துக் காட்டத்தக்க உள்பொருள். அதைத் தாங்கிய செல்லோ வேற்றினமன்று, பக்குவம் தடைப்பட்ட சொந்தச் செல். இந்த அளவுக்குச் சித்தாந்தத்தின் பார்வை நோயின் இயல்போடு ஒத்துப்போகிறது. முன்னோர் செல்லை அறிந்திருந்தனர் என்று இதிலிருந்து சொல்லத் தொடங்குவது இரண்டுக்கும் இழைக்கும் தீங்கு. சித்தாந்தம் பேசியது உயிரைப் பற்றி, மருத்துவம் பேசுவது உடலைப் பற்றி.

சேர்க்கையின் வலிமையைக் காட்டும் ஆய்வு ஒன்றும் இங்கே நினைக்கத் தக்கது. 1975இல் பிலடெல்பியாவில் பியாட்ரிஸ் மின்ட்ஸும் கார்ல் இல்மென்சேயும் டெரட்டோகார்சினோமா என்னும் புற்றுக்கட்டியின் செல்களை எடுத்து, சில நாளே ஆன எலிக் கருவுக்குள் வைத்தனர். பெரிய எலியின் உடலில் கொல்லும் கட்டியாகப் பெருகிய அதே செல்கள், கருவின் செல்களோடு கூடி, நலமாகப் பிறந்த எலியின் பல திசுக்களில் பங்காயின. எல்லாப் புற்றுச் செல்லும் இப்படித் திரும்பாது. மரபணுவில் பெருஞ்சேதம் இல்லாத ஒருவகைச் செல்லுக்கே அது வாய்த்தது. ஆயினும் செல் தீயதா என்ற கேள்விக்கு, அது யாரோடு இருக்கிறது என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது என்பதை அந்த எலிகள் காட்டிவிட்டன.

ஷாங்காய்க் கதையை இங்கே நிறுத்தினால் அது இனிமையாக இருக்கும், உண்மையாக இராது. ரெட்டினாயிக் அமிலம் மட்டும் பெற்ற நோயாளிகளில் பலருக்கு நோய் திரும்பிற்று. முதிரும் செல்களே நுரையீரலிலும் பிற திசுக்களிலும் புகுந்து, காய்ச்சலும் மூச்சுத்திணறலும் உண்டாக்கி, சில வேளை உயிரையும் பறித்தன. திருந்தும் காலமும் ஆபத்தான காலமே என்று மருத்துவர்கள் கற்றுக்கொண்டனர். நிலையான குணத்தைத் தந்தது இன்னொரு மருந்து: ஆர்செனிக் டிரையாக்சைடு, சித்த மருத்துவம் வெள்ளைப் பாஷாணம் என்று அழைக்கும் அதே நஞ்சு. சீனாவின் ஹார்பினில் ஜாங் டிங்டாங் 1970களில் நாட்டு மருந்தொன்றிலிருந்து அதைப் பிரித்துப் பயன்படுத்தத் தொடங்கினார். ஆர்செனிக், இணைந்து பிறந்த புரதத்தைப் பற்றிக்கொண்டு அதைச் சிதைய வைக்கிறது. இரு மருந்துகளும் சேர்ந்து, கடும் நிலையில் இல்லாத நோயாளிகளுக்கு வேறு அழிப்பு மருந்தே இல்லாமல் குணம் தருவதை 2013இல் இத்தாலியில் பிரான்செஸ்கோ லோ-கோகோ தலைமையில் நடந்த ஆய்வு நிறுவிற்று. வாரங்களில் கொன்ற நோயில் இன்று பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் யூக் த தேயின் குழு இன்னும் நுட்பமாகக் காட்டியது: செல் முதிர்வது மட்டும் போதாது, தடையாக நின்ற புரதம் சிதைந்து, அதனால் பி53 என்னும் காவற்புரதம் விழித்தெழுந்து, தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றல் அடங்கினாலொழிய நோய் தீர்வதில்லை. ஆகவே அழித்தலா முதிர்வித்தலா என்று கேட்டதே சற்றுப் பிழை. அழிந்தது பூட்டு, முதிர்ந்தது செல். சைவம் இறைவனின் அருளை அறக்கருணை என்றும் மறக்கருணை என்றும் இரண்டாகச் சொல்லி, ஒறுப்பதும் கருணையே என்று கொள்வது, அமிலமும் பாஷாணமும் சேர்ந்து செய்யும் வேலையைப் பார்த்த பிறகு புதிய பொருளோடு விளங்குகிறது. ஆனால் குணமடைந்தவரிடம் அந்த இணைந்த மரபணுவின் சுவடே இல்லாமல் போகிறது; ஆணவமோ முத்தியிலும் வலியடங்கி இருப்பது. ஒப்புமை அவ்விடத்தில் நின்றுவிடுகிறது. நுரையீரல், குடல், மார்பகம் போன்ற உறுப்புகளின் புற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு முதிர்விக்கும் மருந்து இன்றுவரை வாய்க்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அங்கே கத்தியும் கதிரும் நச்சுமருந்தும் செய்யும் பணி குறைத்து மதிக்கத் தக்கதல்ல.

இத்தகைய ஒப்புமைகளை எந்தத் திசையில் செலுத்துவது என்பதும் முக்கியம். மனிதரின் அறத்திலிருந்து செல்லை விளக்குவதில் தீங்கில்லை. செல்லிலிருந்து மனிதருக்குத் திருப்பும்போது அது கொலைக்கருவி ஆகியிருக்கிறது. நாஜிகள் யூத மக்களை நாட்டின் உடலில் எழுந்த புற்று என்று வருணித்தே அவர்களை அழிக்கப் புறப்பட்டனர். தீமையைப் பற்றிய இந்தப் பேச்சு முழுவதும் செல்லைப் பற்றியதே அன்றி நோயாளியைப் பற்றியதன்று. செய்த வினையின் பயன் என்று படுக்கையில் இருப்பவரின் காதுபட உறவினர் பேசுவது இன்றும் கேட்கிறது; அதைப் போன்ற கொடுமை வேறில்லை. ஒவ்வொரு பிளவிலும் 300 கோடி இணை எழுத்துகள் கொண்ட இரு தொகுப்புகளைப் படியெடுக்கும் செல், மிகச் சில பிழைகளே விட்டாலும், கோடானுகோடி பிளவுகளில் என்றாவது தவறான இடத்தில் பிழை விழும். புகையிலை அந்த வாய்ப்பைப் பெருக்குகிறது, வேறு சிலவும் பெருக்குகின்றன. ஆனால் ஐந்து வயதுச் சிறுமியின் மஜ்ஜையில் இரு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதற்கு அவள் கணக்கில் எழுத எந்த வினையும் இல்லை.

முதிர்ந்த செல்லின் பிந்தைய வாழ்வு குறுகியது. நடுப்படியில் நின்றவரை அது சாவை அறியாமல் பெருகிக்கொண்டிருந்தது. நியூட்ரோபில் ஆனதும் பிளக்கும் ஆற்றல் போய்விடுகிறது, அதற்குரிய ஆயுள் வந்து சேர்ந்துவிடுகிறது. சில மணி நேரமோ சில நாளோ ரத்தத்தில் சுற்றியபின், மண்ணீரலிலோ ஈரலிலோ ஏதோ ஒரு விழுங்கு செல் அதை எடுத்துக்கொள்கிறது, வயிற்றில் கிடந்த அந்தச் செந்நிற ஊசியோடு சேர்த்து.